கடலில்லாத ஐந்து மாதம்

அக்கா மகன் மலைநாட்டிலிருந்து கிழக்குக் கரை அறுகம்பேக்கு முதலில் வேலைக்குப் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. விடுதி ஒன்றின் குசினியில் கோப்பை கழுவும் வேலை. நீச்சலே அங்கே போய்த்தான் பழகினான். இரண்டாவது வருஷம், மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்த ஓய்வில், பக்கத்துப் பையன்கள் கொடுத்த இரவல் பலகையோடு அலைச்சறுக்குக்குக் கடலில் இறங்கினான். இறங்கும்போது மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தான். அதை என்னிடம் பிறகு சொன்னான்: “பொறந்ததுலருந்து மலை ஏறி எறங்குறவன் மாமா நான். மணல்ல நடந்து வளந்த பசங்களுக்கு என்னா தம் இருக்கப் போகுது?”

பத்து நிமிஷத்தில் கை இரண்டும் கல்லாகிவிட்டன. அலை எழும் இடத்துக்குப் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை. பலகைமேல் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு மீன்காரர் வீட்டுப் பையன் அவனைத் தாண்டிப் போனான். தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தானாம். அதுதான் இன்றுவரை இவனுக்கு ஆறவில்லை.

நெஞ்சு நல்ல நெஞ்சு, கால் நல்ல கால், புகைப்பழக்கமும் கிடையாது. இருந்தும் பத்து நிமிஷம் தாங்கவில்லை. ஏன் என்று பார்க்கப் போனால், உடற்பயிற்சி அறிவியலில் பாதியை அதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில், அலைச்சறுக்கில் உடம்பு உண்மையில் என்ன செய்கிறது? சுவரொட்டிகளில் பலகைமேல் நிற்கும் ஆளைத்தான் பார்க்கிறோம். அந்தக் காட்சி மிகச் சிறியது. 1991-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, அலைச்சறுக்குபவர்கள் நீரில் இருக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தது. பலகையில் படுத்துக் கையால் தண்ணீரைத் துழாவியது 44 சதவீதம். அலைக்காகச் சும்மா காத்திருந்தது 35 சதவீதம். அலைமேல் நின்றது வெறும் 5 சதவீதம். 2012-இல் நியூஸிலாந்தில் போட்டி வீரர்களை எண்ணியபோது துழாவல் 54 சதவீதம், அலைமேல் சவாரி 8 சதவீதம். ஒரு மணி நேரம் கடலில் கிடந்தால் நிற்பது மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. மீதியெல்லாம் தோள்பட்டையின் உழைப்பும் காத்திருப்பும்.

அலையைப் பிடிப்பதும் தோளால்தான். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு நாலரை மீட்டர் அளவில் ஓடும். கையால் துழாவி ஒரு தேர்ந்த ஆள் எட்டும் வேகமோ விநாடிக்கு இரண்டு மீட்டருக்குள். ஆகவே அலையைத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது. அது முதுகுப்பக்கம் செங்குத்தாக எழும் கணத்தில், பலகை ஏற்கெனவே ஓட்டத்தில் இருந்தால், புவியீர்ப்பு மீதி வேகத்தைக் கொடுத்துவிடும். அந்த ஓட்டத்தை உண்டாக்குவது நாலைந்து விநாடி வெறிபிடித்த துழாவல். அது இல்லையென்றால் அலை அடியில் புகுந்து போய்விடும், நாம் அங்கேயே கிடப்போம்.

இப்போது அவனுடைய கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்கலாம். ‘தம்’ என்று நாம் சொல்வது நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று நடுவில்: இதயம், நுரையீரல், குருதி. மற்றது ஓரத்தில்: உழைக்கும் தசைக்குள்ளேயே. அந்தத் தசையைச் சுற்றி எத்தனை மயிர்த்துளைக் குழாய்கள் ஓடுகின்றன, உள்ளே ஒட்சிசனை எரிக்கும் இழைமணிகள் எத்தனை என்பதும் தம்தான். ஸ்வீடன்காரரான பெங்ட் சால்டினும் அவர் கூட்டாளிகளும் 1976-இல் செய்த சோதனை இதற்கு அழகான சாட்சி. ஆட்களை ஒரே காலால் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் பழகிய கால் தேறியிருந்தது. அதே இதயத்திலிருந்து அதே குருதியைப் பெற்ற மற்றக் காலோ பெரும்பாலும் பழையபடியே இருந்தது.

மலை ஏறி இறங்கிய இருபது வருஷமும் இவனுடைய தொடையிலும் கெண்டைக்காலிலும் இருந்தது. முதுகின் அகன்ற தசையிலும் தோளிலும் பின்கையிலும் இல்லை. கைக்கு இன்னொரு குறையும் உண்டு. பழக்கமில்லாதவர்களில், கையால் மட்டும் உழைத்தால் உடம்பு எடுக்கக்கூடிய உச்ச ஒட்சிசன், காலால் உழைத்து எடுப்பதில் எழுபது சதவீத அளவுதான். தசை சிறியது, சீக்கிரம் புளித்துப்போகும். அந்த மீன்காரப் பையன் நடந்து பழகியவன் மட்டுமல்ல. வலை இழுத்து, தோணி வலித்து வளர்ந்தவன். தமிழ்நாட்டில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளே இந்த விளையாட்டில் முந்தி வந்ததற்கு, கடல் பயமில்லை என்பதோடு இந்தத் தோளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடை தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்கும். பாரம் தலையைப் பின்னால் இழுக்கும், முன்கழுத்துத் தசைகள் எதிர்த்துப் பிடிக்கும். பலகையில் குப்புறக் கிடப்பவனுக்கோ நேர் எதிர். தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பின்கழுத்துத் தசைகளுக்கு ஓய்வே கிடையாது. கொழுந்து பறித்து முப்பது வருஷம் ஆன என் அக்காவின் கழுத்தும் ஓர் அலைச்சறுக்கு வீராங்கனையின் கழுத்தும் தேய்வது வெவ்வேறு பக்கமாக.

குப்புறக் கிடந்து முதுகை வில்லாக வளைத்தே வைத்திருப்பதில் ஓர் அபூர்வமான ஆபத்தும் உண்டு. 2004-இல் ஹவாயிலிருந்து ஒன்பது பேரின் கதை மருத்துவ இதழில் வந்தது. பெரும்பாலும் முதல்முறை பலகை ஏறியவர்கள். அடிபடவில்லை, விழவில்லை. முதுகு வலித்தது, பிறகு கால் மரத்துப்போனது. முண்ணாணுக்குப் போகும் குருதி தடைப்பட்டதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. புதிதாகப் பழகுகிறவர் இடைக்கிடை பலகைமேல் எழுந்து உட்கார வேண்டும். முதுகு வலியோடு கால் விறைத்தால் உடனே கரைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, எல்லாரும் சொல்லும் அந்தக் கதை: “மலைக்காரனுக்கு மூச்சு அதிகம், மேலே காத்து கொறைவுல்ல.” எங்கள் ஊர் பொகவந்தலாவை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 86 சதவீத அளவு. குறைவுதான், ஆனால் உடம்பு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத குறைவு. 1997-இல் லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனை இந்தத் துறையில் பேர்பெற்றது. ‘உயரத்தில் வாழ், தாழ்வில் பழகு’ என்பது அதன் சாரம். 2,500 மீட்டரில் தங்கி, கீழே இறங்கிப் பயிற்சி செய்தவர்கள்தான் தேறினார்கள். அவர்கள் ‘கீழே’ என்று வைத்துக்கொண்ட உயரம் எவ்வளவு தெரியுமா? 1,250 மீட்டர். நம் பொகவந்தலாவை, அந்தச் சோதனையின் கணக்கில், பள்ளத்தாக்கு! சிவப்பணுவைக் கூட்டும் அளவுக்கு உயரம் வேண்டுமென்றால் 2,524 மீட்டர் பீதுருதாலகாலை உச்சியில் கொட்டகை போட்டுத் தூங்க வேண்டும். அது பாதுகாப்பு வலயம், தங்க விடமாட்டார்கள்.

குருதியைப் பற்றிப் பேச்சு வந்ததால், உயரத்தை விட்டு உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மலைநாட்டு உடம்பைப் பற்றி உடற்பயிற்சி அறிவியலில் ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கே அது தெரியாது. 1979-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. எட்ஜர்டன், கார்ட்னர், செனவிரத்ன முதலியோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் செய்தது. ஆய்வுகூட ஓடுபொறி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் தராசில் ஏறும் கொழுந்தே அளவுகோல். இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடித்தவர்களில் ஒரு பகுதிக்கு இரும்பு மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஒரு மாதத்தில், இரும்பு கிடைத்தவர்களின் கொழுந்து கூடியது. ஈமோகுளோபின் மிகக் குறைந்திருந்தவர்களிடம், அதாவது நூறு மில்லிலீட்டர் குருதியில் 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. தராசு மட்டுமல்ல, வேலைக்கு வெளியிலும் அவர்கள் அதிகம் நடமாடினார்கள்.

கணக்கைக் கையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைச் சுமக்கும். நூறு மில்லிலீட்டர் குருதியில் 13 கிராம் இருந்தால் 17 மில்லிலீட்டருக்கு மேல் சுமக்கலாம். 8 கிராம் இருந்தால் 11-ஐத் தொடாது. இதயம் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் வாளி சிறியது. ‘நாள் பேருக்கு’, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிறார்களே, அந்தக் கிலோவை எட்டாதவளைச் சோம்பேறி என்று ஏசியது எத்தனை தலைமுறை! அவளுடைய வாளியை யார் அளந்து பார்த்தார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பறித்து உலகத்துக்கு அனுப்பும் இலையே இதில் ஓரளவு பங்காளி. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு, மா ஆகியவற்றில் இருக்கும் இரும்பைக் குடலில் கட்டிப்போட்டுவிடும். லயத்தில் காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியோடுதான் உள்ளே போகும். சாயத்தண்ணியை விடச் சொன்னால் எங்கள் ஆட்கள் சொன்னவனைத்தான் விடுவார்கள். அதனால் அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொள் அல்லது ஒரு கொய்யாப்பழம் தின்னு. விற்றமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். ஈமோகுளோபின் குறைவென்று தெரிந்தால் இதெல்லாம் போதாது. வைத்தியரைப் பார்த்து மாத்திரை எடுக்க வேண்டும்.

“அவன் கடல்ல வெளையாடுறதுக்கு நான் ஏன்டா டீத்தண்ணிய தள்ளிக் குடிக்கணும்?” என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. மகனுக்கு ஈமோகுளோபின் பார்த்தபோது தாய்க்கும் பார்த்தோம். மகனுக்குச் சரியாக இருந்தது. தாய்க்கு இல்லை.

இனி அவனுடைய சிக்கல். அறுகம்பேயில் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் பள்ளத்தாக்கில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மலையைத் தாண்டிக் கிழக்கே கச்சான் காற்றாக இறங்கும். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தைச் சீவிவிட்டதுபோல் மழமழவென்று வைத்திருக்கும். இங்கே கெஹெல்கமு ஓயா கலங்கி ஓடும் ஜூன், ஜூலையில்தான் அங்கே நல்ல அலை. நவம்பரில் எல்லாம் தலைகீழ். விடுதி மூடும், பையன் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குவான். ஐந்து மாதம் கடலே கிடையாது.

ஐந்து மாதத்தில் உடம்பு எதை எவ்வளவு வேகமாக மறக்கும்? 1984-இல் கோய்ல் என்பவரின் குழு, நன்றாகப் பழகிய ஏழு பேரைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லி 84 நாள் கவனித்தது. முதல் மூன்று வாரத்துக்குள் உச்ச ஒட்சிசன் அளவு 7 சதவீதம் இறங்கியது. எட்டு வாரத்தில் 16 சதவீத இறக்கத்தில் வந்து நின்றது. முதலில் போவது தசையல்ல, நீர். குருதியின் திரவப் பகுதி சுருங்குகிறது, அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதி குறைகிறது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் படி ஏறும்போது இதயம் அடித்துக்கொள்வதில் இதற்கும் பங்குண்டு.

இருப்பதைக் காப்பாற்ற எவ்வளவு வேண்டும் என்பதற்கு, எனக்கு மிகப் பிடித்த பதில் ஹிக்சனிடம் இருக்கிறது. அமெரிக்கரான அவர் 1980-களின் தொடக்கத்தில் ஆட்களைப் பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிஷம் கடுமையாகப் பழக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கினார், 15 வாரம் கழித்தும் உச்ச ஒட்சிசன் இறங்கவில்லை. இன்னொரு முறை 40 நிமிஷத்தை 13 நிமிஷமாக்கினார், அப்போதும் இறங்கவில்லை. மூன்றாவதாக நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்துக் கடுமையை மட்டும் குறைத்தார். இறங்கிவிட்டது. நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், மூச்சு வாங்குவதைக் குறைக்கக் கூடாது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கதை பேசிக்கொண்டு நடக்கிறவர்கள் இதை விரும்பமாட்டார்கள்.

ஆகவே அவனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. கருவி ஒன்றே ஒன்று: பழைய சைக்கிள் டியூப். அதை இரண்டாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினான். இஸ்தோப்பில் கிடக்கும் வாங்கில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தான். டியூப் நுனிகளைப் பிடித்து, பலகையில் துழாவுவதுபோலவே இடுப்புவரை இழுத்தான். கடலில் துழாவல்களில் பாதிக்கு மேல் 20 விநாடிக்குள் முடிபவை என்று அந்த நியூஸிலாந்துக் கணக்கு சொல்கிறது. அதனால் 20 விநாடி முழு மூச்சாக, 20 விநாடி ஓய்வு, அப்படிப் பத்து. முதல் நாள் ஆறாவதில் டியூப் கையை விட்டு எகிறி ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி தப்பியது.

முன்னால் இழுத்துக்கொண்டே இருந்தால் தோள் முன்பக்கம் சுருண்டு போகும். தோள்மூட்டைச் சுற்றி நாலு சின்னத் தசைகள் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அலைச்சறுக்கில் தேய்ந்து வலிப்பதில் முக்கியமானது இந்த இடம். அதனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, டியூபை மெல்ல வெளிப்பக்கம் திருப்பும் சின்னப் பயிற்சியும் செய்தான். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாதது அதுதான்.

படுத்த நிலையிலிருந்து ஒரே துள்ளலில் எழுந்து நிற்பது இன்னொன்று. ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டும், நின்றதும் முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். இதற்கு மலைக் கால் உண்மையாகவே உதவியது. இறக்கத்தில் நடக்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாதவனுக்கு மறுநாள் எழுந்து நிற்க முடியாது, எங்கள் ஆட்களுக்கு அது மூச்சுவிடுவதுபோல. ஆனால் சமநிலை அப்படியல்ல. வழுக்கும் கானைப் பாரத்தோடு தாண்டுகிறவனுக்குப் பலகையில் நிற்பது வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது வேறு: ஒரு விதமான சமநிலை இன்னொன்றுக்கு அவ்வளவாகக் கைமாறுவதில்லை. உருளைமேல் பலகை வைத்து நின்று பழகினால், உருளைமேல் நிற்கத்தான் வரும். அதைக் கடலுக்கு விட்டுவிட்டோம்.

மூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அலைக்கு அடியில் சிக்கினால் என்ன செய்வது என்ற பயத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய் மூச்சடக்கிப் பழகலாமா என்று கேட்டான். ஒரே வார்த்தையில் மறுத்தேன். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது முக்கியமாக ஒட்சிசன் குறைவு அல்ல, காபனீரொட்சைட்டு சேர்வதுதான். முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், முட்டல் வரத் தாமதமாகும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். சாதாரண அலை ஒருவரை அடியில் வைத்திருப்பது சில விநாடிகள்தான். அந்த விநாடிகளில் பதறாமல் இருக்கத் தெரிந்தால் போதும்.

அதற்கு ஒரு பேசின் தண்ணீர் போதும். ஜனவரிக் காலையில் பொகவந்தலாவைப் பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் அவன் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு, என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தை நீரில் வைத்ததும் முதலில் நாடி படபடத்தது. பத்து விநாடி கழிந்ததும், விரலுக்கடியில், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் தூரம் கூடியது. நெற்றியிலும் கன்னத்திலும் குளிர்நீர் பட்டால் இதயத்தை மெதுவாக்கும் நரம்புக் கட்டளை ஒன்று இருக்கிறது. கடல்நாய்க்கு உள்ளது நமக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அவனுக்கு அது மருந்துபோல வேலை செய்தது. தண்ணீருக்குள் போனால் உடம்பு தானாகவே அடங்கப் பார்க்கிறது, நாம் கையைக் காலை உதறித்தான் அதைக் கெடுக்கிறோம் என்று புரிந்துகொண்டான்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைப் பயிற்சிக்கு நடுவே ஒருநாள் போனில் எனக்குக் காட்டியவன் அவன்தான். பலகைமேல் நின்ற ஆளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் படத்தைப் பின்னால் ஓட்டி, அந்த அலைக்கு முந்தைய துழாவலைப் பார்க்கச் சொன்னான்.

ஏப்ரலில் புத்தாண்டு முடிந்து போனான். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டான். அலை எழும் இடத்துக்கு நிற்காமல் போய்விட்டானாம், நாற்பது நிமிஷம் நீரில் இருந்தானாம். “அந்தப் பொடியன் இருந்தானா?” என்று கேட்டேன். “இருந்தான் மாமா. இப்பவும் முந்திக்கிட்டுத்தான் போறான். ஆனா இப்ப சிரிக்கிறதில்ல.”

டியூப் இங்கேயே கிடக்கிறது. அக்கா அதை ஜன்னலிலிருந்து கழற்றி விறகு கட்ட எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து அவள் கட்டோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் வளைவுக் கல்லில் ஒருதரம், மாரியம்மன் கோயிலடியில் ஒருதரம் என்று கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்குவாள். மாத்திரை எடுத்து மூன்று மாதமாகிறது. கோயிலடியில் மட்டும்தான் நின்றாள். அதுவும் கும்பிடுவதற்காக என்றாள்.